காற்றுப் பட்டால் கறுக்கும் மை

எங்கள் வீட்டு மாடிக்கு வாரத்துக்கு மூன்று பார்சல் வரும். முதல் பார்சல் வந்த அன்றே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

சந்தேகம் எனக்கு நோய் இல்லை, தொழில். அருப்புக்கோட்டையில் ஒரு பாத்திரக் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்தாறு வருஷம் ஆகிறது. யார் எதை எடை போட்டாலும் நான் தராசைப் பார்க்கமாட்டேன், எடை போடுகிறவர் முகத்தைப் பார்ப்பேன். பித்தளை என்று சொல்லி எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவேன். சத்தத்திலேயே சங்கதி தெரிந்துவிடும். பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், பஸ் கண்டக்டர் என்று ஒருவரையும் நான் விட்டுவைத்ததில்லை. "ஒனக்கு ஒன் நெழலு மேலயே சந்தேகம்" என்பார் என் வீட்டுக்காரர். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் இவர் எதை மறைக்கிறார் என்று யோசிப்பேன்.

பார்சல்கள் என் கொழுந்தனாரின் மனைவிக்கு வந்தன. எனக்கு ஓரகத்தி. மதுரைப் பெண், கல்யாணமாகி நான்கு வருஷம். கீழே நாங்கள், மாடியில் அவர்கள். கடையும் ஒன்று, அடுப்பும் ஒன்று. கொஞ்ச நாளில் மாடி அறை ஜன்னலோரம் ஒரு மேசை வந்தது. மேசைமேல் ஒரு தோல் விரிப்பு. அதன்மேல் வெள்ளைப் பளிங்குத் தட்டு. பேனாக்களைச் சாய்த்து வைக்கப் பித்தளையில் ஒரு தாங்கி. முறுக்குக் கம்பி மாதிரி திருகிய ஒரு கண்ணாடிப் பேனா. உள்ளங்கையில் அடங்கும் மைப் புட்டிகள் ஏழெட்டு. எழுதுகிறவள் முகத்தில் படாமல் காகிதத்தில் மட்டும் வெளிச்சம் விழும்படி குனிந்து நிற்கும் ஒரு குட்டி விளக்கு.

"எழுதுறதுக்கா இத்தனையும்?" என்று கேட்டேன்.

"காலிகிராஃபிக்கா. எழுத்த வரையிறது."

"எழுத்த எழுதத்தானம்மா செய்வாக?"

சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் குறித்துவைத்துக்கொண்டேன். பிறகு உட்கார்ந்து எழுதிக் காட்டினாள். கூர்மையான நிப்பு. கீழே இழுக்கும்போது அழுத்தினால் அதன் நுனி இரண்டாக விரிந்து கோடு தடிக்கிறது, மேலே ஏற்றும்போது அழுத்தத்தை விட்டால் முடி போல மெலிகிறது. "தமிழுக்கு எல்லாமே சுழிக்கா. வளையிற எடத்துல எப்ப அழுத்தணும், எப்ப விடணும்னு கைக்குத் தெரியணும்" என்றாள். அவள் எழுதிய எழுத்துகள் ஒரே வரிசையில் நிற்கவில்லை. ஒன்று ஏறி, ஒன்று இறங்கி, கடைசி எழுத்தின் வால் முதல் எழுத்துக்கு அடியில் வந்து படுத்துக்கொண்டது. அழகாகத்தான் இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

அவள் குளிக்கப் போன நேரத்தில், துணி எடுக்கிற சாக்கில் மாடிக்கு ஏறி அந்தப் பேனாத் தாங்கியைத் தட்டிப் பார்த்தேன். டொக்கென்றது. பித்தளையே இல்லை, மேல்பூச்சு. பாத்திரக் கடை வீட்டு மருமகளை எவனோ ஏமாற்றியிருக்கிறான் என்று நினைத்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி என்னை விடவில்லை. தனக்கென்று ஒரு மேசை போட்டவள் அடுத்து தனக்கென்று ஒரு அடுப்புப் போடுவாள். தனிக்குடித்தனத்துக்கு அடி போடுகிறாள் என்றே முடிவுகட்டினேன். சனிக்கிழமைதோறும் திருச்சுழியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கையெழுத்து வகுப்பு எடுக்க ஆரம்பித்தாள். திருச்சுழியில் வாடகைக்கு வீடு பார்க்கிறாளோ என்று அதற்கும் ஒரு கணக்குப் போட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை அச்சாகி வந்த அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவளே சொன்னாள்.

"கவரு பூராத்துலயும் பேரு நான் எழுதித் தாரேன்க்கா."

யாரும் கேட்கவில்லை. கூலியும் கிடையாது. அப்படியிருக்க எதற்கு வருகிறாள்? எங்கள் ஆட்களிடம் பத்திரிகைக் கவர் என்பது சின்ன விஷயம் இல்லை. அச்சடித்ததை யாரும் படிக்கமாட்டார்கள். தன் பேர் எப்படி எழுதியிருக்கிறது, அதற்குப் பின்னால் 'அவர்கள்' இருக்கிறதா, 'குடும்பத்தினர்' இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஒரு 'அவர்கள்' விட்டுப்போனதற்காக மூன்று வருஷம் பேசாமல் இருந்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. அந்தப் பொறுப்பை இவள் கையில் கொடுத்தால் என் பிறந்த வீட்டுப் பக்கம் ஏதாவது விளையாடிவிடுவாள் என்று பயந்தேன்.

பயத்துக்குக் காரணமும் வைத்திருந்தேன். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். எம்.ரெட்டியபட்டியில் விதைக்கடை வைத்திருக்கிறார். அம்மா முன்பே போய், எட்டு வருஷத்துக்கு முன் அப்பாவும் போனபிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அவர்தான். போன பொங்கலுக்கு வந்தவர் மாடிக்கு ஏறி அவள் மேசையைப் பார்த்துவிட்டு, "இதென்னம்மா, பொம்மக் கடையா வச்சிருக்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அவள் சிரித்தாள். ஆனால் காது சிவந்துபோனதை நான் பார்த்தேன். அதை அவள் மறந்திருக்கமாட்டாள் என்று எனக்கு நிச்சயம். நானாக இருந்தால் மறந்திருக்கமாட்டேன்.

தாய்மாமன் வந்து மாலை எடுத்துக் கொடுக்காமல் எங்கள் வீட்டுப் பெண் மணவறை ஏறமாட்டாள். சம்பந்தி வீட்டார் பத்துப் பேர் குறைந்தால்கூட எனக்கு வருத்தமில்லை. அண்ணன் வந்து நிற்க வேண்டும். அவர் நிற்காத கல்யாணம் எனக்குக் கல்யாணமே இல்லை.

கடைசியில் வீட்டில் எல்லோரும் சொன்னதால் ஒத்துக்கொண்டேன். "கறுப்பு மை மட்டும் வேண்டாம்" என்றேன். எங்கள் பக்கம் கருமாதிக் கடிதம்தான் கறுப்பில் வரும். வந்ததைப் படித்த கையோடு கிழித்துப் போட்டுவிடுவோம், வீட்டுக்குள் வைக்கமாட்டோம்.

"அது தெரியாமயாக்கா? மெரூன்ல எழுதுறேன்" என்றாள். கூடவே ஒன்று கேட்டாள். கவர் பஞ்சுக் காகிதமாம், மூலையில் மஞ்சள் தடவினால் ஊறிப் பரவி எழுத்தைக் கெடுத்துவிடுமாம். "மஞ்சள உள்ள இருக்க பத்திரிகையில தடவிக்கிருவோம்க்கா." மஞ்சளை எதற்கு உள்ளே ஒளிக்கச் சொல்கிறாள் என்று அதையும் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் சரி என்றேன்.

பத்து நாள் எழுதினாள். நான் தினமும் ஏதாவது சாக்கில் மாடி ஏறிச் சரிபார்த்தேன். ஒரு குறை கிடைக்கவில்லை. குறை கிடைக்காதது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை அவள் திருச்சுழிக்குப் போயிருந்தபோது கிடைத்தது. எழுதி முடித்த கவர்களெல்லாம் பெட்டியில் அடுக்கியிருக்க, பளிங்குத் தட்டில் ஒரு கவர் மட்டும் தனியாகக் கிடந்தது. அண்ணனுடைய கவர். பேர் மட்டும் இருந்தது. பின்னால் 'அவர்கள்' இல்லை. எல்லாக் கவரிலும் இருக்கிற மரியாதை என் அண்ணன் கவரில் மட்டும் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. அதே சமயம், நான் நினைத்தது சரியாகிவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு திருப்தியும் இருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முதல் பத்திரிகையைத் தாய்மாமனுக்கு வைக்க நாங்கள் போவதாக இருந்தோம். இவளிடம் கேட்டால் மழுப்புவாள். நானே எழுதிவிடுவது என்று அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மெரூன் மைப் புட்டியின் மூடி திறக்க வரவில்லை. பக்கத்தில் மூடி போட்ட ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் மை ஊற்றி வைத்திருந்தாள். தொட்டு எழுதிப் பார்த்தேன். வெளிர் ஊதா, என் மகளுக்கு எடுத்த முகூர்த்தப் பட்டின் கரை நிறம். நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு கவர் வீணானது. மூன்றாவதில், அவள் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தி, விட வேண்டிய இடத்தில் விட்டு, சுழிகளைச் சுழித்து, அண்ணன் பேரையும் 'அவர்கள்' என்பதையும் 'குடும்பத்தினர்' என்பதையும் எழுதினேன். அவளே எழுதியது போலத்தான் இருந்தது என்று நான் நம்பினேன். ஊதிக் காயவைத்து, பத்திரிகையை உள்ளே வைத்து, அவள் வைத்திருந்த பட்டர் பேப்பரில் மடித்துப் பைக்குள் போட்டேன். அவள் எழுதியிருந்ததைக் கொண்டுபோய் பீரோவில் புடவைகளுக்கு அடியில் சொருகினேன். சாட்சி வேண்டுமல்லவா?

சாயங்காலம் வந்தவள் தேடினாள். "ரெட்டியபட்டி மாமா கவரப் பாத்தீகளாக்கா?"

"நான் எடுத்து வச்சிட்டேன்."

"அதுல இன்னும் கொஞ்சம் வேல பாக்கி இருக்குக்கா."

"பரவால்ல, அது போதும்" என்றேன். என்ன வேலை என்று கேட்கவில்லை. பிடிபட்டதும் சமாளிக்கிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் நானும் என் வீட்டுக்காரரும் போனோம். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கோடு தட்டை நீட்டினோம். அண்ணன் சந்தோஷமாக வாங்கி, பட்டர் பேப்பரைப் பிரிக்காமல் அப்படியே சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். நல்ல நேரம் பார்த்துப் பிரிப்பது அவர் வழக்கம். மதினி கோழி அடித்துச் சாப்பாடு போட்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் நான் தூங்கியே விட்டேன். பஸ்ஸில் நான் தூங்குவது அபூர்வம்.

புதன்கிழமை மதினியிடமிருந்து போன் வந்தது.

"என்னத்தா, கவருல கறுப்பு மையில பேரெழுதிக் குடுத்திருக்கீக? ஒரு பொட்டு மஞ்ச இல்ல. பிரிச்சதுலருந்து இவுக சரியாச் சாப்பிடல. யாருகிட்டயும் பேசல. கல்யாணத்துக்கு நான் வரல, நீ வேணும்னா போயிட்டு வான்னு சொல்றாக."

கறுப்பா? நான் எழுதியது ஊதா. என் கண்ணால் பார்த்தேன். அப்படியானால் கவர் மாறியிருக்கிறது. மாற்றியது யார் என்பதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை. ராத்திரி பைக்குள் கைவிட்டுக் கறுப்பில் எழுதியதை வைத்திருக்கிறாள். போனை வைத்த கையோடு மாடிக்கு ஏறினேன்.

"எங்கண்ணன் ஒரு வார்த்தை சொல்லிட்டாருன்னு அவருக்குக் கருமாதிக் கவரா எழுதி வச்ச?"

அவள் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். நான் நிறுத்தவில்லை. பார்சல், மேசை, திருச்சுழி, அந்தப் போலிப் பித்தளை வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். நானே ஒரு கவர் எழுதினேன், அதை நீ மாற்றிவிட்டாய் என்றும் சொன்னேன். அவள் கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எந்த மையில எழுதுனீகக்கா?"

கிண்ணத்தைக் காட்டினேன். அவள் அதற்குரிய புட்டியை எடுத்து, நிப்பைத் தோய்த்து, ஒரு காகிதத்தில் ஒரே ஒரு சுழி போட்டாள். வெளிர் ஊதா. காகிதத்தை ஜன்னல் திண்டில் வைத்தாள்.

"இது இரும்பு உப்புப் போட்டுச் செய்யிற மைக்கா. எழுதுறப்ப வெளுப்பா இருக்கும். காத்துப் பட்டா கறுத்துரும். அதனாலதான் கல்யாணக் கவருக்கு இத நான் தொடல."

நான் நம்பவில்லை. அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஊதா சாம்பலாயிற்று. கீழே போய்ச் சோற்றை வடித்துவிட்டு வந்து பார்த்தபோது அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தேகப்பட வேறு ஆள் யாரும் மிச்சமில்லை.

பீரோவிலிருந்து அவள் எழுதிய கவரை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். "இதுல 'அவர்கள்' இல்ல" என்றேன்.

"மாமா பேருக்குக் கீழ 'தாய்மாமன் அவர்கள்'னு தங்கக் கலருல எழுதணும்னு தனியா வச்சிருந்தேன்க்கா. தங்க மை அன்னைக்குச் சாயங்காலம் வந்துரும்னு இருந்தேன், பார்சல் இன்னும் வரல."

பிறகு அவளே சொன்னாள்: "நான் வந்து மாமாகிட்டச் சொல்றேன், நான்தான் தெரியாம எழுதிட்டேன்னு. வெளிப் பொண்ணு, வழக்கம் தெரியாதவன்னு விட்டுருவாக. நீங்க எழுதுனதுன்னா அவுகளுக்குப் பெருசாத் தெரியும்."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அண்ணன் வந்து நின்றால் போதும், எந்தப் பொய்யில் வந்தால் என்ன என்று இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் அவளோடு பஸ் ஏறினேன். வழி நெடுக, அங்கே போய் என்னைப் போட்டுக்கொடுத்துவிடுவாளோ என்று ஓரக்கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டே போனேன். அந்தப் புத்தி அப்போதும் போகவில்லை.

அண்ணன் கடையில் தனியாக இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், பிறகு உட்கார்ந்துகொண்டார். அவள் நேராக அவர் முன்னால் போய் நின்று, கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

"மாமா, அந்தக் கவரு நான் எழுதுனது. தெரியாம நடந்துபோச்சு. மன்னிச்சுக்கங்க."

அண்ணன் கல்லாவுக்கு அடியிலிருந்து அந்தக் கவரை எடுத்தார். கிழிக்காமல் வைத்திருந்தார். அதைச் சிறிது நேரம் பார்த்தார்.

"நீ செத்த சும்மா இரும்மா. இது எந்தங்கச்சி கை. என்னதான் வளச்சு வளச்சு எழுதுனாலும் எந்தங்கச்சி கை எனக்குத் தெரியாதா?"

பிறகு என்னைப் பார்த்தார்.

"யாருத்தா ஒனக்குச் சொன்னது?"

எனக்குப் புரியவில்லை. எதைக் கேட்கிறார் என்று திகைத்து நின்றேன். என் மௌனத்தை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"என்னைக்காவது ஒனக்குத் தெரியத்தான் செய்யும்னு இருந்தேன். அப்பா போன அன்னைக்குக் காலையிலருந்து ஒன்னத்தான் கேட்டாக. வாசல்ல பருத்தி லோடு ஏறிக்கிட்டு இருந்துச்சு. லாரிக்காரன் நிக்கமாட்டேன்னுட்டான். ஏத்தி அனுப்பிட்டு ஒனக்குப் போன் போட்டுக்கிருவோம்னு இருந்தேன். ஏத்தி முடிச்சுட்டு உள்ள போறேன், அப்பா இல்ல. ஒனக்குப் போன் போட்டு, திடீர்னு போயிட்டாகன்னு சொன்னேன்."

கவரைக் கல்லாமேல் வைத்தார்.

"நீ என்னையச் செத்தவன் கணக்குல வச்சது சரிதான்த்தா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் மணவறையில ஏறுவேன்?"

அருப்புக்கோட்டையிலிருந்து ரெட்டியபட்டிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. அப்பா திடீரென்று போனார் என்று எட்டு வருஷமாக நம்பியிருந்தேன். அவர் சாப்பிட்ட மாத்திரையைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். கடைசியாகப் பார்த்த டாக்டரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். அண்ணனை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. உலகத்தில் நான் தட்டிப் பார்க்காமல் எடுத்துக்கொண்ட ஒரே ஆள் அவர்தான்.

"அண்ணே, அது மை. காத்துப் பட்டா கறுக்குமாம். எனக்குத் தெரியாம எழுதிட்டேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

அவர் முகம் வெளுத்துப்போனது. "தெரியாதா?"

"இப்பத்தான் தெரியும்."

என் ஓரகத்தி சத்தமில்லாமல் நகர்ந்துபோய் வாசலில் விதை மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். எனக்கு அண்ணனை அறைய வேண்டும்போல இருந்தது. அவர் மடியில் விழுந்து அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்.

"அப்பா என்னன்னு கேட்டாக?"

அவர் கவரைத் திருப்பிக் குப்புற வைத்தார்.

"'பிள்ள பஸ்ஸு ஏறிட்டாளா'ன்னாக. ரெண்டு தடவ கேட்டாக. ஏறிட்டான்னு சொன்னேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஓரகத்தியைக் கூப்பிட்டு, அவள் 'தாய்மாமன் அவர்கள்' என்று மெரூனிலேயே எழுதி முடித்துக் கொண்டுவந்திருந்த கவரை வாங்கி அவர் முன்னால் வைத்தேன். "எம்மகளுக்குத் தாய்மாமன் நீங்க ஒருத்தர்தான். ஆறு மணிக்கெல்லாம் மண்டபத்துல வந்து நில்லுங்க. இத அப்புறம் பேசிக்கிருவோம்."

வந்தார். ஆறு மணிக்கு முன்பே வந்துவிட்டார். மாலையை எடுத்துக் கொடுக்கும்போது அவர் கை நடுங்கியது. மருமகள் மேல் உள்ள பாசம் என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன். அவர் வந்து நின்றதே போதும் என்று அன்றைக்கு இருந்தது. இப்போது அது போதவில்லை. ஆனால் அப்பா பேச்சை அவரிடம் எப்படி எடுப்பது என்று தெரியாமல் தினமும் போனில் சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.